விலை ரூபாயில் இருக்கட்டும்

‘இலவசம்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் சற்றே எச்சரிக்கை கொள்வது வங்கிப் பணியில் இருப்போரின் இயல்பு. எப்பொருளுக்கும் ஒரு செலவு உண்டு. அச்செலவை யாரேனும் ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் இப்பாடம், இன்று நம் இல்லங்களில் சிறுவர் கைகளில் தவழும் கைபேசிக்கு மிகவும் பொருந்துகிறது. பதிவிறக்கம் செய்யும்போது ஒரு காசும் கேட்காத விளையாட்டு, மாத இறுதியில் கணக்கு அறிக்கையில் பற்று வரிகளாக வந்து நிற்பதை வாடிக்கையாளர் பலரும் இப்போது கண்டு வருகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2010ஆம் ஆண்டில் ‘டெஸ்பிகபிள் மீ’ என்னும் அசைவூட்டத் திரைப்படம் வெளிவந்தது. அதில் வரும் மஞ்சள் நிற மினியன்களை அறியாத குழந்தை இன்று அரிது. பள்ளிப் பைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் அவற்றின் உருவம் இருக்கிறது. 2013இல் அப்படத்தின் இரண்டாம் பாகம் வெளியான வேளையில், பிரான்சு நாட்டின் கேம்லாஃப்ட் நிறுவனம் ‘மினியன் ரஷ்’ என்னும் கைபேசி விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. மினியன் ஒன்று நிற்காமல் ஓடுகிறது. விரலை இடமும் வலமும், மேலும் கீழும் தள்ளித் தடைகளைக் கடக்கச் செய்ய வேண்டும். வழியில் கிடக்கும் வாழைப்பழங்களைச் சேகரிக்க வேண்டும். நானும் ஆடிப் பார்த்திருக்கிறேன். அலுவலகக் களைப்பைப் பத்து நிமிடம் மறக்கச் செய்யும் நல்ல பொழுதுபோக்கு அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவ்வகை விளையாட்டுகளின் வணிக முறையும் நியாயமற்றது அன்று. ஆடுவோரில் பெரும்பாலோர் பணம் செலுத்துவதே இல்லை; விளம்பரங்களைப் பார்ப்பதே அவர்கள் தரும் விலை. சிறு பகுதியினர் உடைகளும் கூடுதல் வாய்ப்புகளும் வாங்குகின்றனர். வருவாயில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே வருகிறது. திரைப்படம் விளையாட்டுக்கு விளம்பரம், விளையாட்டு திரைப்படத்திற்கு விளம்பரம். வயது வந்தோர் தம் பணத்தைத் தெரிந்தே செலவிடும்வரை இதில் குறைகூற எதுவுமில்லை. வாங்குபவர் எட்டு வயதுச் சிறுவராகவும், பணம் தந்தையுடையதாகவும், விலை ரூபாயில் அல்லாமல் வேறோர் அளவில் குறிக்கப்பட்டதாகவும் இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அளவுகோல் மறையும் இடம்

கணக்கியலில் பண அளவீட்டுக் கருத்து என ஒன்று உண்டு. வணிக நடவடிக்கை எதுவாயினும் அது பணத்தால் அளக்கப்பட்டால்தான் ஏட்டில் ஏறும் என்பது அதன் பொருள். ஒரே அளவுகோல் இருந்தால்தான் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியும். இலவச விளையாட்டுகள் பலவும் இந்த அளவுகோலைத்தான் மாற்றிவிடுகின்றன. கடையில் நாம் ரூபாய் கொடுத்து வாங்குவது வைரம், நாணயம், அட்டை போன்ற ஏதோ ஒன்று. பிறகு உடையையும் உயிரையும் வாங்குவது அந்த வைரத்தால். முதல் படியில் ரூபாய் தெரிகிறது; இரண்டாம் படியில் அது மறைந்துவிடுகிறது. செலவு செய்யத் தூண்டும் கணங்களோ இரண்டாம் படியில்தான் வருகின்றன.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நூறு வைரங்கள் அடங்கிய ஒரு பொதியின் விலை ரூ.159 எனக் கொள்வோம். குழந்தை விரும்பும் உடை 120 வைரம். ஒரு பொதி போதாது; இரண்டு வாங்க வேண்டும். ரூ.318 செலவாகி, 80 வைரம் மீதியாகிறது. அடுத்த உடை 150 வைரம். கையிருப்பு 80 இருக்கிறதே என்று மூன்றாம் பொதியும் வாங்கப்படுகிறது. மொத்தச் செலவு ரூ.477, கையில் இரண்டு உடைகளும், ஒன்றுக்கும் உதவாத 30 வைரங்களும். அந்த முப்பதின் மதிப்பு ரூ.47.70. அதை ரூபாயாக மாற்ற வழியில்லை. அது இருப்பதே நான்காம் பொதிக்கு அழைப்பாகிறது. உடைகளின் விலை என்ன என்று குழந்தையைக் கேட்டால் ‘270 வைரம்’ என்று விடை வரும். ரூபாய் என்னும் சொல் அவ்விடையில் இடம்பெறாது.

வாங்கிய உடையும் சொத்து ஆகாது. அதை விற்க முடியாது. பொதுவாக வேறொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. நிறுவனம் அவ்விளையாட்டை நிறுத்தினால் அதுவும் அதனோடு போய்விடும். திரைப்படச் சீட்டுக்குச் செலவிடுவது போல, நுகர்ந்து முடியும் செலவு இது. அதில் தவறில்லை. ஆனால் திரையரங்கு வாயிலில் சீட்டின் விலை ரூபாயில் எழுதப்பட்டிருக்கிறது.

வங்கி முகப்பில் எழும் கேள்வி

‘இந்தப் பற்று நான் செய்ததன்று’ என்று அறிக்கையை நீட்டுவோரைக் கிளைகளில் காண்கிறோம். தொகைகள் சிறியவை, ஒரே நாளில் பலமுறை வந்தவை. அறிக்கையில் செயலிக் கடையின் பெயர் இருக்குமேயன்றி, விளையாட்டின் பெயர் இராது. விசாரித்துப் பார்த்தால், மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதற்காகப் பிள்ளையிடம் யு.பி.ஐ. கடவு எண்ணை எப்போதோ சொல்லியிருப்பது தெரியவரும். தொகையை விட வருத்தம் தருவது, அதன் பின் வீட்டில் நிகழ்வது. குழந்தை திருடியதாகக் கருதப்படுகிறது. குழந்தையோ, தான் திருடியதாக அறியவே இல்லை.

‘சிறுவர் செய்த ஒப்பந்தம் செல்லாது அல்லவா?’ என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வயது வந்தோரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையோர் என்கிறது. 1903இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பு, இளவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என உறுதிப்படுத்தியது. எனினும் வங்கியின் கண்ணுக்குத் தெரிவது குழந்தையன்று. சரியான கடவு எண்ணே. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, மோசடிக்கு ஆளாகும் வாடிக்கையாளருக்குப் பெரும் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் கடவு விவரங்களைத் தாமே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

எல்லாப் பொறுப்பும் பெற்றோருக்கே என்று சொல்லிவிட்டால் அது முழு உண்மையாகாது. அமெரிக்காவில் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டால் அடுத்த பதினைந்து நிமிடங்களுக்கு மீண்டும் கேட்காமலே வாங்க முடிந்தது. இதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆப்பிள் நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. 2014இல் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் இசைந்தது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனம் குறைந்தது 1.9 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. வடிவமைப்பிலேயே குறை இருக்கும்போது பெற்றோரை மட்டும் கடிந்து பயனில்லை என்பதற்கு இவை சான்று.

நம் நாட்டில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒருமுறைக் கடவுச்சொல் வரும்வரை காத்திருப்பதைச் சிலர் தொல்லையாகக் கருதுகின்றனர். என் கருத்தில் அந்தச் சில நொடிகளே இத்தகைய செலவுக்கு ஏற்ற நல்ல தடுப்பு. ‘இது வேண்டுமா?’ என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் இடைவெளி அது. அந்த எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்துவிடும் பெற்றோர், நாடு அமைத்துத் தந்த வேலியைத் தம் கையாலேயே அகற்றிவிடுகின்றனர்.

செய்யத் தக்கவை

விளையாட்டை முற்றிலும் தடை செய்வது எளிது. ஆனால் அது எதையும் கற்பிக்காது. பணம் பற்றிய கல்வியை எப்படியும் குழந்தை எங்கேனும் பெறத்தான் போகிறது. அதை வீட்டில் பெறுவதே நன்று.

முதலாவதாக, கைபேசியின் செயலிக் கடை அமைப்பில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு தேவை எனக் குறியுங்கள். ஆப்பிள் கைபேசியில் செயலிக்குள் வாங்குவதையே முடக்க வழியுண்டு. கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகப் பிள்ளையின் வாங்குதல்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம்.

இரண்டாவதாக, வாரச் சந்தா, மாதச் சந்தா ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒருமுறை ஒப்புதல் தந்தால், பொதுவாக ரூ.15,000 வரையிலான தொடர் பற்றுகளுக்கு மீண்டும் கடவுச்சொல் கேட்கப்படாது. 24 மணி நேரத்திற்கு முன் ஓர் அறிவிப்பு மட்டுமே வரும். விளையாட்டைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தா நீங்கிவிடாது. செயலிக் கடையிலோ யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியிலோ அதைத் தனியே நீக்க வேண்டும்.

மூன்றாவதாக, அட்டையின் இணையப் பயன்பாட்டை நிறுத்தவும் வரம்பு இடவும் உங்களுக்கு உரிமை உண்டு. வங்கிச் செயலியிலேயே அதைச் செய்யலாம். குடும்பத்தார் உங்கள் கணக்கிலிருந்து செலவிட வேண்டுமெனில் கடவு எண்ணைச் சொல்லாதீர்கள். 2024இல் அறிமுகமான யு.பி.ஐ. சர்க்கிள் வசதியில் ஒவ்வொரு செலவுக்கும் உங்கள் ஒப்புதலைக் கேட்கும் முறை இருக்கிறது.

நான்காவதாக, தவறுதலாகப் பணம் சென்றிருந்தால் தாமதியாதீர்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்திற்குள் விண்ணப்பித்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. நடந்தது மோசடி எனில் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

ஐந்தாவது, எனக்கு மிகவும் விருப்பமானது. பத்து வயது நிறைந்த சிறுவர், வங்கி நிர்ணயிக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே நடத்தலாம் என ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வழிகாட்டியுள்ளது. அக்கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க இயலாது. அதில் மாதம் ஒரு சிறு தொகையை இட்டு, ‘இது உன்னுடையது’ என்று சொல்லிப் பாருங்கள். வைரம் வாங்கலாமா, வண்ணப் பென்சில் வாங்கலாமா என்று குழந்தை கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கும். பிறர் பணத்தில் கேட்கும் விருப்பம் வேறு. தன் பணத்தில் கேட்கும் விருப்பம் வேறு.

விளையாட்டு நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. மெய்நிகர் நாணயத்தால் வாங்கும் பொருளுக்கும் உண்மைப் பணத்தில் விலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் நெறிகளை வெளியிட்டன. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டு நெறிகள், பொய்யான அவசரத்தை உண்டாக்குதல், சந்தாவில் சிக்கவைத்தல் உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. இவற்றோடு, வைரத்தின் பக்கத்திலேயே ரூபாய் விலையும் எழுதப்பட வேண்டும் என்ற விதியும் இங்கு வருமானால் அது பெரும் உதவியாக இருக்கும். அதனால் நேர்மையான நிறுவனம் எதையும் இழக்காது. விலையை அறிந்தபின் வாங்கும் வாடிக்கையாளரே எந்தக் கடைக்கும் மீண்டும் வருபவர்.

அவ்விதி வரும்வரை, அந்த விலையை நாமே எழுதிக் காட்டலாம். உடை கேட்கும் குழந்தையின் அருகில் அமர்ந்து, ஒரு தாளில் வைரத்தை ரூபாயாக மாற்றிக் கணக்கிடச் சொல்லுங்கள். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த குழந்தைக்கு ஐந்து நிமிட வேலைதான் அது. விடையைக் கண்ட பிறகும் குழந்தை அதை விரும்பி, உங்களுக்கும் அது ஏற்புடையதாக இருந்தால், மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுங்கள்.