பில் புத்தகத்தின் பின்பக்கம்

எழுத்தாளர் நாஞ்சில் நாடன் கணிதம் படித்தவர். வேலை தேடி 1972-இல் பம்பாய்க்கு வந்து, விற்பனைப் பிரதிநிதியாக ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராக அலைந்தார். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் 1977-இல் 'தலைகீழ் விகிதங்கள்' நாவல் வந்தது. அலையாமல் உட்கார்ந்திருந்தால் 'மிதவை'யும் 'எட்டுத்திக்கும் மதயானை'யும் நமக்குக் கிடைத்திருக்குமா? இதே நகரில் எழுத்தாளர் அம்பை, பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் எடுத்துவிட்டு வந்தவர், 1988-இல் பெண்களின் வரலாற்றைச் சேகரிக்க ஸ்பேரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது பின்னால்தான் வந்தது.

அவர்களைப் போலவே வேறு வேலைக்கு நடுவில் எழுதும் நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்; அதே பம்பாயின் தாராவியில் தோல் பை விற்கும் கடையில் கணக்கெழுதுகிறார். ஹார்பர் லைன் ரயிலில் செம்பூர் வருவதற்குள், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அரைக் கட்டுரை முடித்துவிடுவார். தோல் பதனிடும் நெடியும், கூலி பாக்கிக்காக நிற்பவனின் முகமும் அதில் அப்படியே இருக்கும். இதழியல் படித்துவிட்டு நேராகப் பத்திரிகை நாற்காலியில் அமர்ந்தவருக்கு அது எளிதில் வாய்க்காது. ஆனால் "அவருக்குத்தான் வேறு வேலை இருக்கிறதே" என்று சொல்லிக் கட்டுரைக்குக் காசு தராமல் விடுவது அநியாயம். கணக்கெழுதியதற்குச் சம்பளம் உண்டு என்றால் கட்டுரை எழுதியதற்கும் உண்டு. போன மார்கழியில் அச்சான கட்டுரையின் காசுக்கு அவர் இன்னும் காத்திருக்கிறார்.