எதிர்ப்பு சக்தி கிலோ என்ன விலை?

சிறுசேரி சிப்காட் பக்கம் மருந்துக்கடைக்குப் போனா கல்லா ஓரத்துல வரிசையா பாட்டில் நிக்குது. கஷாயம், கேப்ஸ்யூல், தண்ணில போட்டா நுரைக்கிற மாத்திரை... எல்லாத்துலயும் ஒரே வாசகம்: 'நோய் எதிர்ப்பு சக்தியை அதிகரிக்கும்'. எந்த நோய்னு கேட்டா மட்டும் பதில் வராது. 2020-ல கொரோனாவால சூடு பிடிச்ச வியாபாரம், கொரோனா ஓய்ஞ்சும் ஓயல.

மக்களே, எதிர்ப்பு சக்திங்கிறது டேங்க்ல ஊத்துற பெட்ரோல் இல்லை.

நம்ம ஏரியா உதாரணமே எடுத்துக்குவோம். 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷனைத் தினமும் தாண்டிப் போறோமே, அந்தப் பேர் ஏன்? டாக்டர் சௌரி முத்து 1928-ல அங்கே தொடங்கின காசநோய் சானடோரியத்தால வந்த பேர் அது. இன்னிக்கு அதுதான் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய்க் கிருமி காத்துல பரவுறது. நோயாளி இருமும்போது தெறிக்கிற நுண்துளி, மூடின அறையில மணிக்கணக்கா மிதக்கும். அதை மூச்சில இழுத்தா, நுரையீரல்ல காவல் நிக்கிற செல்கள் கிருமியை முழுங்கிடும். வேற பல கிருமிகளுக்குக் கதை அங்கேயே முடிஞ்சுடும். இது மெழுகுத்தோல் போர்த்தின கிருமி. முழுங்கின செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். உடம்பு விடுமா? மேலும் செல்களை அனுப்பி, சுத்தி வளைச்சு, சுவர் எழுப்பும். தொற்று உள்ளவங்கள்ல நூத்துக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாள்ல அது நோயா மாறும். மத்தவங்களுக்குச் சுவர் தாங்கிடும். அதை இடிக்கிற கடப்பாரைகள்: பட்டினி, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, குடி.

இன்னொண்ணு. காசநோய்ல நுரையீரல் குழி விழுறதுக்குக் கிருமி மட்டும் காரணமில்லை. நம்ம எதிர்ப்பு செல்கள் போடுற சண்டையிலயும் நம்ம சதை கரையுது. 'சக்தி கூடினா நல்லது'ன்னு யாருங்க சொன்னது?

சரி, எதிர்ப்பைக் கூட்டிப் பார்த்ததே இல்லையா? பார்த்தாங்க, இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல, இன்னிக்குத் திருவள்ளூர் பக்கம். 1968-ல தொடங்கி சுமார் 2,60,000 பேருக்கு ஊசி. சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. 15 வருஷம் கவனிச்சாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கலைன்னு முடிவு வந்துச்சு. (குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கற கொடிய காசநோயைத் தடுக்குது, அதனால பிறந்ததும் போட்டே ஆகணும். தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் இங்கே துள்ள வேணாம்.) தடுப்பூசிக்கே இவ்வளவு பெரிய பரீட்சை வெச்சிருக்காங்க. கல்லா ஓர பாட்டில் எந்தப் பரீட்சை எழுதிச்சு?

பரீட்சை எழுதிப் பாஸான ஒண்ணு இருக்கு. சோறு!

ஜார்கண்டுல 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு, 2023-ல லான்செட்ல வந்தது. காசநோயாளிகளோட வீட்டுல இருந்த 10,345 பேரை எடுத்துக்கிட்டாங்க. ஒரு பிரிவுல நோயாளிக்கு மட்டும் ரேஷன். இன்னொரு பிரிவுல வீட்டுல இருந்த மத்தவங்களுக்கும் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இந்த வீடுகள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது.

இப்ப சிறுசேரியைத் திரும்பிப் பாருங்க. நம்ம அபார்ட்மென்ட்டைக் கட்டினவங்கள்ல ஜார்கண்டு, பீகார், ஒடிசாக்காரங்க நிறைய. தகரக் கொட்டகையில நெருக்கியடிச்சுத் தூங்கறாங்க. 'வடக்கத்தியான் நோய் கொண்டு வர்றான்'னு பேசுற மகானுபாவர்களே, நோயைக் கொண்டு வந்தது அவங்க ஊர் இல்லை. அரைவயிறும் ஜன்னலில்லாத கொட்டகையும்தான். நம்ம ஏ.சி. ஆபீஸ்ல மட்டும் என்ன வாழுது? மூடின ஜன்னல், முப்பத்தஞ்சு வயசுல சர்க்கரை. சர்க்கரை இருந்தா காசநோய் வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு.

எதிர்ப்பு சக்தி மேல அக்கறை இருக்கிறவங்க சர்க்கரையைக் கட்டுல வைங்க, ஜன்னலைத் திறங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு ஆஸ்பத்திரியில சளிப் பரிசோதனை பண்ணுங்க. பரிசோதனை, மாத்திரை எல்லாமே இலவசம். பாட்டில் வாங்கப் போறப்ப, அந்தக் காசுக்கு எத்தனை கிலோ பருப்பு வரும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

டிஸ்கி: 'பாட்டி வைத்தியத்தைத் திட்டறியா'ன்னு வரப்போறவங்களுக்கு... மிளகு ரசம் எனக்கும் உசிரு. சோத்துல ஊத்திச் சாப்பிட. காசநோய் வந்தா மாத்திரைதான், டாக்டர் சொன்ன மாசம் வரைக்கும், நடுவுல நிறுத்தாம :)