நான்கு வாக்குகள் ஒன்றாகும்போது

2019 டிசம்பர் இறுதியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அடிஅண்ணாமலை ஊராட்சியில் வரிசையில் நின்ற வாக்காளரின் கைக்கு நான்கு சீட்டுகள் வந்தன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட்டார். மலையின் மறுபக்கம், திருவண்ணாமலை நகராட்சியில் குடியிருந்தவருக்கு 2022 பிப்ரவரி 19 அன்று கிடைத்தது ஒரே ஒரு பொத்தான். வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. நகர்மன்றத் தலைவராக யார் வரலாம் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு வாக்காளர்களும் இப்போது ஒரே நகரத்தின் குடிமக்கள் ஆகிறார்கள். திருவண்ணாமலை நகராட்சியோடு சுற்றியுள்ள 18 ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி அமைக்கப்படும் என்று 2024 மார்ச்சில் தமிழக அரசு அறிவித்தது. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி ஆகியவையும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்த நகர்மன்றத் தலைவரே மேயரானார். இணைப்புப் பற்றிய பேச்செல்லாம் சொத்து வரி, குடிநீர், நூறு நாள் வேலை ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. அவை நியாயமான கவலைகள்தான். ஆனால், இணைக்கப்படும் ஊர்க்காரர் ஒவ்வொருவரும் நான்கு வாக்குகளில் மூன்றை இழக்கிறார் என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை.

மாநகராட்சியே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளம் கொண்டது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பாதை நகரத்தில் தொடங்கி, ஊராட்சிகளின் எல்லைகள் வழியாகச் சுற்றி, மறுபடி நகரத்துக்கு வருகிறது. குப்பையும் கழிவுநீரும் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே ஊராட்சிப் பகுதியான வேங்கிக்காலில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். அதன் பிறகு வீட்டுமனைகளும் விடுதிகளும் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் பரவின என்பதை ஊருக்கு வந்துபோகிற எவரும் அறிவர். கார்த்திகை தீபத்தன்று இந்த ஊரைத் தாங்க ஒரே நிர்வாகம் தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நிர்வாகத்தை ஒன்றாக்குவதற்கு வாக்குரிமையைக் குறைக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

அந்த அவசியத்தை அரசமைப்புச் சட்டம் உண்டாக்கவில்லை. நகராட்சி, மாநகராட்சித் தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்று 74-வது திருத்தம் விட்டுவிட்டது. ஆகவே, மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதும் தேர்ந்தெடுக்காமல் போவதும் முழுக்கச் சென்னையில், சட்டமன்றத்தில் தீர்மானமாகிற விஷயம். அங்கே இந்த விதி பட்ட பாடு ஒவ்வொரு வாக்காளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1996-ல் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் அப்படி வந்தவர் மு.க. ஸ்டாலின். 2001-லும் அவரே வென்றார். 2002-ல் அதிமுக அரசு ஒருவர் ஒரே நேரத்தில் மேயராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது; அவர் மேயர் பதவியை விட்டார். 2006-ல் திமுக ஆட்சிக்கு வந்ததும் நேரடித் தேர்தலை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலாக்கியது. 2011-ல் அதிமுக அதை மறுபடி நேரடியாக்கியது; சைதை துரைசாமி சென்னையின் மேயரானார். அதே அதிமுக அரசு 2016-ல் மறைமுகமாக்கியது. 2018 ஜனவரியில் நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் மீண்டும் மறைமுகம். அன்று எதிர்க்கட்சியாக இருந்த திமுக, ஆட்சிக்கு வந்த பின் அந்த விதியை மாற்றாமல் 2022 தேர்தலை நடத்தி முடித்தது.

இத்தனை திருப்பங்களில் ஒன்றுகூட மக்கள் கேட்டு வந்ததல்ல. தேர்தலுக்கு முன்னால், ஆளுங்கட்சியின் கணக்குக்கு ஏற்ப, விதி மாறியது. தமிழ்நாட்டுக்கு மட்டுமான நோயும் அல்ல இது. சத்தீஸ்கரில் 2019-ல் காங்கிரஸ் அரசு மறைமுகத் தேர்தலைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த பாஜக அரசு 2025 தேர்தலை நேரடித் தேர்தலாக நடத்தியது. மகாராஷ்டிரத்திலும் ஊராட்சி, நகராட்சித் தலைவர்களின் தேர்தல் முறை ஆட்சிக்கு ஆட்சி மாறியது. தேர்தல் விதியை வெற்றி வாய்ப்பைப் பார்த்து மாற்றலாம் என்றால், வாக்காளருக்கு அந்த விதியின் மேல் உரிமை என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

மறைமுகத் தேர்தலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அது பலவீனமான வாதமும் அல்ல. மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் ஒரு கட்சி, மன்றத்தின் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் தீர்மானங்கள் நிறைவேறாது, வேலை நடக்காது என்பார்கள். அந்தச் சிக்கல் உண்மைதான். ஆனால், ஊராட்சியில் இதே சூழ்நிலை அன்றாடம் இருக்கிறது. தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் மக்கள் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டை வருகிறது, சில ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஆனாலும், 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்த நாளிலிருந்து ஊராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எந்த அரசும் பறிக்கவில்லை. அடிஅண்ணாமலைக்காரருக்குத் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் உண்டு என்று ஏற்கிற சட்டம், அதே ஆள் மாநகராட்சிக்குள் வந்ததும் அந்தப் பக்குவத்தை மறுப்பது ஏன்?

மறைமுகத் தேர்தலில் நிலைத்தன்மை வரும் என்ற நம்பிக்கையும், தலைவர் தேர்தல் நடந்த 2022 மார்ச் 4 அன்று கலைந்தது. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகள் பலவற்றில் திமுக கவுன்சிலர்கள் தலைமையின் சொல்லை மீறிப் போட்டியிட்டு வென்றார்கள். முதலமைச்சர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, அப்படி வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது. அந்த ஊர்களின் வாக்காளர்கள் இரண்டு முறை ஒதுக்கப்பட்டார்கள். தலைவர் எந்தக் கட்சிக்காரர் என்பதைக் கட்சிகள் பேசி முடித்தன. எந்த ஆள் என்பதைச் சில கவுன்சிலர்கள் அறைக்குள் முடித்தார்கள்.

ஊராட்சி போகும்போது வாக்குச்சீட்டோடு இன்னொன்றும் போகிறது: கிராம சபை. அதில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் உறுப்பினர். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டில் ஆறு முறை கூட வேண்டும். கூட்டம் பல ஊர்களில் சடங்காக நடக்கிறது என்பது உண்மை. ஆனால், வரவு செலவைக் கேட்க, தீர்மானம் போட, ஒரு கூலித் தொழிலாளி எழுந்து நின்று தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்க, சட்டப்படி இருக்கும் இடம் அதுவே. நகரத்துக்கென 2022-ல் ஏரியா சபை விதிகள் வந்தன. அதன் பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறவர்கள். தீர்மானத்துக்குக் கிராம சபைத் தீர்மானத்தின் கனம் இல்லை. இணைப்பை எதிர்த்து தமிழகத்தின் பல ஊராட்சிகள் கிராம சபைகளில்தான் தீர்மானம் போட்டன. இணைந்த பிறகு அப்படி ஒரு தீர்மானம் போடவும் அவர்களுக்கு இடம் இருக்காது.

இன்னும் ஒன்று என்னை மிகவும் உறுத்துகிறது. 18 ஊராட்சிகள் என்றால் 18 தலைவர் பதவிகள். 2016-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு. திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில் ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவராகி, காசோலையில் கையெழுத்திடும் இடத்துக்கு வருவது எளிதாக நடந்துவிடவில்லை. மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை தலித் ஒருவர் தலைவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. இத்தனை விலை கொடுத்துக் கிடைத்த பதவிகள், இணைப்பு ஆணையின் ஒரு பத்தியில் மறைந்துபோகின்றன. மாநகராட்சியில் ஒதுக்கீட்டு வார்டுகள் இருக்கும். ஒதுக்கீட்டுக் கவுன்சிலரும் வருவார். நிர்வாகத் தலைமையில் அமர்ந்து கையெழுத்திடும் அதிகாரம் கவுன்சிலருக்குக் கிடையாது.

பதவிக் காலம் பற்றியும் பேச வேண்டும். ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். தமிழகத்தில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊரகத் தேர்தல் மூன்று ஆண்டுகள் கழித்தும், நகர்ப்புறத் தேர்தல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தும்தான் நடந்தன. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் ஒன்றிய அரசின் மானியமும் நின்றது. 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது திருவண்ணாமலை மாவட்டத்தின் 860 ஊராட்சிகளும் மீண்டும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அதற்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் அந்த மாதமே நிறைவேற்றியது. எல்லை மாற்றமும் வார்டு மறுவரையறையும் முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

மறுவரையறையைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லையை எப்போது மாற்றுவது என்பது அரசின் கையில் இருக்கிறது. பதவிக் காலம் எந்த நாளில் முடியும் என்பது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு, கால அவகாசம் போதவில்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.

இதன் நடுவே சிக்கியிருப்பவர்கள் இணைக்கப்படும் 18 ஊராட்சி மக்கள். அவர்களுடைய ஊராட்சித் தலைவரின் காலம் முடிந்துவிட்டது. 2022-ல் நகரத்தின் 39 வார்டுகளில் வென்ற கவுன்சிலர்களில் ஒருவருக்குக்கூட அவர்கள் வாக்களித்ததில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது, வரி உயர்ந்தால் யாரைக் கேட்பது? மாநகராட்சி முடிவுகள் அவர்கள் வீட்டு வாசலைத் தொடும். அந்த முடிவு எடுக்கும் அவையில் அவர்கள் அனுப்பிய ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். இது ஒரு மாத, இரண்டு மாத இடைவெளி அல்ல.

சட்டத்தில் செய்ய வேண்டிய திருத்தங்கள் சிக்கலானவை அல்ல. மேயர், நகர்மன்றத் தலைவர், பேரூராட்சித் தலைவர் ஆகியோரை மக்களே தேர்ந்தெடுக்கும் விதியை மீண்டும் கொண்டுவர வேண்டும். மேயருக்கும் மன்றத்துக்கும் முட்டுக்கட்டை வந்தால், வரவு செலவுத் திட்டம் எந்த நாளுக்குள் நிறைவேற வேண்டும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சட்டத்தில் எழுதிவிடலாம். உள்ளாட்சியின் பதவிக் காலம் முடியும் முன் ஓராண்டுக்குள் தேர்தல் முறையைத் தொடக் கூடாது என்ற தடை வேண்டும். அவசரச் சட்டம் மூலம் தொடுவதற்கு எக்காலத்திலும் இடம் இருக்கக் கூடாது. ஊராட்சியை நகரத்தோடு இணைக்குமுன் அந்த ஊர் வாக்காளர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் பெட்டியும் பட்டியலும் ஊழியர்களும் உண்டு. இணைந்தவுடன் ஆறு மாதத்துக்குள் அந்தப் பகுதிகளுக்கு வார்டு பிரித்துத் தேர்தல் நடத்தி, மீதிக் காலத்துக்குக் கவுன்சிலர்களை அனுப்பவும் வழிசெய்ய வேண்டும். 2025-ல் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, மனம் இருந்தால் இந்தச் சட்டங்களை நல்ல திசையில் திருத்த முடியும் என்று தெரிந்தது.

2022 மார்ச்சில் பதவியேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்து ஆண்டுகள் 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைவடைகின்றன. விரிந்த திருவண்ணாமலையின் வார்டு எல்லைகள் அதற்குள் இறுதியாக வேண்டும். வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுக்கப்படும் நாட்கள் குறைவு. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாளைப் பார்ப்பவர்களும் குறைவு. வேங்கிக்காலிலும் அடிஅண்ணாமலையிலும் இருப்பவர்கள் தங்கள் தெரு எந்த வார்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஒரே குடியிருப்பு இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறதா, பட்டியல் சாதியினர் தெருக்கள் பல வார்டுகளில் சிதறடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு எங்கே என்ற கேள்வியையும் அந்த மனுவிலேயே எழுதலாம்.