கழிவுத் தொகை பற்றி ஒரு விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டார் இன்ஷூரன்ஸைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, பல விஷயங்களை விரிவாக விளக்கியிருந்தும், விபத்துச் செலவின் முதற் பகுதியை வண்டிக்குரியவரே ஏற்கவேண்டும் என்ற பிரதான நிபந்தனையைத் தொடாமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும், தவறு யாருடையதாயினும், நம் வண்டியின் சேதத்துக்காகக் கேட்கும் ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயக் கழிவாகப் பிடிக்கப்படுகின்றன. பிரீமியம் சற்றுக் குறையுமே என்று நாமாக ஒப்புக்கொள்ளும் கழிவோ இதற்கு மேலும் சேர்கிறது. எனது சிறிய காரின் முன்பம்பர் சென்ற ஆண்டு உடைந்தபோது, 9,000 ரூபாய் பில்லில், பிளாஸ்டிக் பாகத்தின் விலையான 6,000 ரூபாயில் பாதி தேய்மானமாகப் போக, கட்டாயக் கழிவு 1,000, நான் அறியாமலே கையெழுத்திட்டிருந்த விருப்பக் கழிவு 2,500 ஆகியனவும் போக, எஞ்சியது 2,500 ரூபாயே. அந்த அற்பத் தொகையின் நிமித்தம், க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்காகச் சேர்ந்திருந்த போனஸ் சலுகையையும் இழந்தேன்.

ஆகவே, இரு கழிவுகளின் மொத்தத்தைப் பாலிசியின் முதற் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடவும், விருப்பக் கழிவுக்குத் தனியே கையொப்பம் பெறவும் கம்பெனிகளைத் தாங்கள் வற்புறுத்தி எழுத வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்