கலே போகும் வழியில்

மது வாங்கவும் போர் நினைவிடம் பார்க்கவும் ஒரே பயணமா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரான்சில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் இரண்டுக்கும்தான் அழைத்துப் போகிறார்கள். பிரிட்டனைவிட அங்கே மது வரி குறைவு; உறவினர்கள் ஊர் திரும்பும்போது கலே துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக ஒயின் ஏற்றுவார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 முதல், தலைக்கு 18 லிட்டர் ஒயின், 42 லிட்டர் பீர் வரைதான் வரியில்லை. அதே காரில்தான் தியெப்வால் போர் நினைவிடத்துக்கும் போகிறார்கள். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் மறைந்து, புதைத்த இடமும் தெரியாத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி வருபவரின் வண்டியில் பாட்டில் இருந்தால் என்ன? மாண்ட அந்தப் பிள்ளைகளும் ஓய்வு கிடைத்த மாலைகளில் அந்த ஊர்க் கடைகளில் ஒயின் குடித்தவர்கள்தானே! என் ஆதங்கம் வேறு. கலேயிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் நெவ் ஷாப்பல் இருக்கிறது. 1927இல் திறக்கப்பட்ட அந்த நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் உள்ளன. பிரிட்டிஷ்காரர்களே, அவர்களும் உங்கள் கொடியின் கீழ்தான் மாண்டார்கள். அடுத்த முறை அங்கேயும் வண்டியை நிறுத்துங்கள்.