லெப்டொப்புக்குப் புது ரவுட்டிங் மென்பொருள் தேவையா?



போன தவணை, பரீட்சை விண்ணப்பம் இணையவழியில் அனுப்ப வேண்டிய கடைசி நாள். அலுவலக லைன் வேலை செய்யவில்லை. ஓர் ஆசிரியை தன் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத் தந்தார். லெப்டொப் அதில் இணைந்தது, ஆனால் பக்கம் மட்டும் திறக்கவில்லை. அலுவலகக் கேபிள் சொருகியபடியே இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதைக் கழற்றியதும் எல்லாம் ஓடியது. அதற்குள் ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது.

அன்றிலிருந்து, "நல்ல ரவுட்டிங் மென்பொருள் ஒன்று போடுங்க சேர்" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். எஃப்ஆர்ஆர், பேர்ட் என்று பெயர்களும் தருகிறார்கள். தேடிப் பார்த்தோம். இரண்டும் இலவசம், இரண்டும் தரமானவை. ஆனால் அவை ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்வதற்கானவை. மறுமுனையிலும் அதே மொழி பேசும் கருவி வேண்டும். நமது போன் ஹொட்ஸ்பொட் அந்த மொழி பேசாது. பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளரைக் கூப்பிடுவானேன்?

நமக்கு வேண்டியது லெப்டொப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்று ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுக்கே முதலிடம். உபுண்டு போன்ற லினக்ஸில் இதைப் பார்ப்பது நெட்வேர்க் மெனேஜர். அது வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் இணைப்புக்கு 700 என்று வைக்கிறது. இணையச் சோதனை இயக்கத்தில் இருந்தால், இணையம் வராத இணைப்பின் எண்ணில் 20000 கூட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். விண்டோஸ் இந்த எண்ணைத் தானாகவே போடுகிறது. இணைப்பின் அமைப்புகளில் போய் நாமும் மாற்றலாம். லைன் செத்தால் முதலில் கேபிளைக் கழற்றுங்கள், அதுவே சுருக்கமான வழி.

இன்னுமொன்று. போனை யூஎஸ்பி வயரால் இணைத்தால் லெப்டொப் அதையும் கேபிள் என்றே எண்ணும். அலுவலக லைன் இருக்கும்போதே யாரோ ஒருவரின் டேட்டா கரையலாம். அது ஆசிரியர் கைக்காசு. ஆகவே போன் இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்து வையுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் அதில் இறங்காது.

இணைப்பு மாறும்போது முகவரியும் மாறும். சூம் வகுப்பு ஒருமுறை அறுந்து திரும்ப வரலாம். பாதி நிரப்பிய விண்ணப்பத்தைச் சேமித்துவிட்டு மாறுங்கள். எஃப்ஆர்ஆர் போட்டாலும் இந்தக் குறை தீராது.

படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அந்த மென்பொருள்களைப் பழைய கணினியில் போட்டுத் தாராளமாகப் பழகட்டும், நாங்களும் கூட இருப்போம். ஆனால் விண்ணப்பம் அனுப்பும் லெப்டொப்பில் வேண்டாம். போட்டவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அதை யார் திருத்துவது?

எந்த இணைப்பு முதலில், அது அறுந்தால் என்ன செய்வது என்று நான்கு வரி எழுதி லெப்டொப் மூடியில் ஒட்டுங்கள். அலுவலகத்தில் யார் இருந்தாலும் பிள்ளைகளின் வேலை நிற்கக் கூடாது.