வேகமா, துல்லியமா? சித்தப்பா கேட்ட ஒரு கணக்கு

டிஸ்கி: இது சூதாடி ஜெயிப்பது எப்படி என்று சொல்லித் தரும் பதிவு இல்லை. அப்படி எதிர்பார்த்து வந்தவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும் :-)

எங்க சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது அங்கே இருப்பார்கள் என்பதால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ புள்ளியியல்தான படிக்கிற? ஒரு சந்தேகம். சித்திகிட்ட சொல்லாத" என்றார்.

ஏதோ சீட்டுக் கம்பெனி வட்டி விவகாரம் என்று நினைத்தேன். சீட்டு விஷயம்தான், ஆனால் வேற சீட்டு.

ஞாயிற்றுக்கிழமை லீவில் நண்பர்களோடு ஒரு சூதாட்ட விடுதிக்குப் போய்ப் பழகியிருக்கிறார். சிங்கப்பூரில் 2010இல் இரண்டு விடுதிகள் திறந்தார்கள். அந்த ஊர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019க்கு முன்பு அது 100. வெளிநாட்டுக்காரருக்கு நுழைவு இலவசம். ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தாலே பாதிக் கட்டுரை முடிந்துவிடும். சொந்த மக்களைத் தடுக்க வாசலில் ஒரு கதவு போட்டிருக்கிறார்கள், நம்ம ஆளுக்கு அந்தக் கதவு கிடையாது.

அங்கே சித்தப்பா ஆடுவது வீடியோ போக்கர். கையில் போனைக் காட்டினார். எந்தக் கை வந்தால் எந்தச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெரிய அட்டவணை. "எனக்கு இது முக்காவாசி மனப்பாடம். ஆனா பாத்துப் பாத்து ஆடுறதால மெதுவா இருக்கு. பக்கத்துல உக்காந்திருக்கவன் நான் ஒரு கை ஆடுறதுக்குள்ள ரெண்டு கை ஆடிடுறான். வேகமா ஆடுனா தப்பு வருது. ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறது?"

நல்ல கேள்வி. பதில்தான் அவர் எதிர்பார்த்தது இல்லை.

முதலில் தெரியாதவர்களுக்காக. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் நெவாடா பக்கம் பரவிய இயந்திரம் இது. திரையில் 5 சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை ஒரே ஒரு முறை மாற்றலாம். கடைசியில் கையில் இருப்பதற்குத் தகுந்தபடி பணம். எதிரே ஆள் கிடையாது. ஜாக்கி ஜோடிக்கு மேல் இருந்தால் போட்ட காசு திரும்ப வரும். உச்சம் ராயல் ஃபிளஷ். 5 காசு போட்டு ஆடினால் 4000 காசு.

மற்ற அதிர்ஷ்ட இயந்திரங்களில் பொத்தானை அமுக்குவது தவிர நமக்கு வேலை இல்லை. இதில் உண்மையாகவே யோசிக்க இடம் இருக்கிறது. உதாரணத்துக்கு, கையில் ஒரு 5 ஜோடி, கூடவே ஒரே இனத்தில் 4 சீட்டும் இருக்கிறது. எதை வைப்பது? பழக்கமில்லாதவர் ஜோடியை விடமாட்டார். ஆனால் மீதி 47 சீட்டில் 9 சீட்டு நம்ம இனம். ஃபிளஷுக்கு ஒன்றுக்கு 6 கொடுத்தால், 9 × 6 = 54, அதை 47ஆல் வகுத்தால் 1.15. சின்ன ஜோடியின் மதிப்பு சுமார் 0.82தான். ஆக ஜோடியை உடைக்க வேண்டும். அதுவே ராணி ஜோடி என்றால் அதன் மதிப்பு சுமார் 1.54, உடைக்கக் கூடாது. இப்படி ஒவ்வொரு கைக்கும் ஒரு சரியான பதில் உண்டு. 52 சீட்டில் 5 சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். அத்தனைக்கும் கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள். சித்தப்பா போனில் இருந்தது அந்த அட்டவணைதான்.

சரி, ஒரு தப்பும் விடாமல் ஆடினால் என்ன கிடைக்கும்? அது இயந்திரத்தின் நெற்றியில் எழுதியிருக்கும் விலைப்பட்டியலைப் பொறுத்தது. ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃபிளஷுக்கு 6 என்றால், போடும் ஒவ்வொரு 100க்கும் நீண்ட காலத்தில் 99.54 திரும்பும். அதே ஆட்டத்தில் 8, 5 என்று குறைத்துவிட்டால் 97.30. 6, 5 என்றால் 95. மற்ற எல்லா வரியும் அப்படியே இருக்கும். பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும்.

"உங்க மெஷின்ல என்ன போட்டிருக்கு சித்தப்பா?"

"எட்டும் அஞ்சும்னு ஞாபகம்."

ஒரு நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே எழுதினேன். 25 காசு இயந்திரம், ஒரு கைக்கு 5 காசு நாணயம், அதாவது 1 வெள்ளி 25 காசு. மெதுவாக ஆடினால் மணிக்கு 400 கை, வேகமாக ஆடினால் 800 கை என்று வைத்துக்கொள்வோம். தப்புகளால் கூடுதலாக 1% போகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 கைக்கு 500 வெள்ளி, 800 கைக்கு 1000 வெள்ளி புரளும்.

1. மெதுவாக, தப்பில்லாமல்: மணிக்கு 13.50 வெள்ளி நஷ்டம்.
2. மெதுவாக, தப்போடு: 18.50 நஷ்டம்.
3. வேகமாக, தப்பில்லாமல்: 27 நஷ்டம்.
4. வேகமாக, தப்போடு: 37 நஷ்டம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நிதானமாகப் பாருங்கள். திக்கித் தடுமாறித் தப்பும் தவறுமாக ஆடுகிற கத்துக்குட்டி 18.50 இழக்கிறான். வருடக்கணக்கில் பயிற்சி எடுத்து, வேகமும் துல்லியமும் கைகூடின வித்வான் 27 இழக்கிறான். சித்தப்பா என்னிடம் கேட்டது மூன்றாவது இடத்துக்குப் போக வழி!

இது எங்கே இடிக்கிறது என்றால், நமக்குச் சின்ன வயசிலிருந்து வேறு மாதிரி பழக்கியிருக்கிறார்கள். நான் பத்தாவது முடித்த லீவில் டைப்ரைட்டிங் போனேன். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, முதுநிலைக்கு 45. முதலில் தப்பில்லாமல் அடி, வேகம் தானா வரும் என்பதுதான் அங்கே பாடம். ரொம்பச் சரியான பாடம். நீட் தேர்விலும் அதே கதை. சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நாலில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால்கூடச் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான் வருகிறது. நடவு நடுகிற அக்காக்களைப் பாருங்கள். முதலில் இடைவெளி கைக்குப் பிடிபடும், அப்புறம் வேகம். சீக்கிரம் முடித்தால் அடுத்த வயல்.

இதிலெல்லாம் ஒரு பொது விஷயம் இருக்கிறது. செய்யும் ஒவ்வொரு காரியமும் நமக்குக் கொஞ்சமாவது கூட்டுகிறது. வேகம் என்பது வெறும் பெருக்கல். எதைப் பெருக்குகிறோம் என்பதுதான் கேள்வி. கூட்டல் குறி உள்ள எண்ணைப் பெருக்கினால் லாபம் பெருகும், கழித்தல் குறி உள்ளதைப் பெருக்கினால் நஷ்டம் பெருகும். இயந்திரத்தின் முன்னால் வேகத்தையும் துல்லியத்தையும் தராசில் வைத்துப் பார்க்கிறவர்கள், முதலில் அந்தக் குறியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டல் குறி உள்ள இயந்திரமும் உண்டு. நெவாடாவில் ரெண்டாம் நம்பர் சீட்டு எல்லாவற்றையும் ஜோக்கராக எடுத்துக்கொள்ளும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதன் முழு விலைப்பட்டியலில் தப்பே விடாமல் ஆடினால் 100க்கு 100.76 திரும்பும். அங்கே வேகத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அங்கேயும் மேலே சொன்ன 1% தப்பு விட்டால் 0.76 லாபம் போய் 0.24 நஷ்டமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூட்டினால் அதுவும் வம்பு. கூட்டல் குறியில்கூட துல்லியம்தான் முதலில். அந்த மாதிரி இயந்திரங்கள் இப்போது தேடினாலும் அரிது. லாபம் தருகிற இயந்திரத்தை எந்தக் கடைக்காரன் வாசலில் வைத்துக்கொண்டிருப்பான்?

சித்தப்பா சும்மா விடவில்லை. "வேகமா ஆடுனா ராயல் சீக்கிரம் வரும்ல?"

வரும். சராசரியாக 40,000 கைக்கு ஒரு தடவை. மெதுவாக ஆடினால் 100 மணி நேரம், வேகமாக ஆடினால் 50 மணி நேரம். ஆனால் 40,000 கைக்கு 50,000 வெள்ளி புரளும். அதில் 2.7% என்றால் 1350 வெள்ளி நஷ்டம். இது அந்த ராயலின் 1000 வெள்ளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு வரும் கணக்கு. இதைச் சொன்னபோது மனுஷன் நோட்டைப் பிடுங்கி அவரே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார்.

இன்னொன்றும் கேட்டேன். நிறைய ஆடுகிறவர்களுக்குப் புள்ளி, இலவசச் சாப்பாடு என்று கொடுக்கிறார்களே, எதற்கு? நம்ம ஊர் மளிகைக்கடையில் நிறைய வாங்கினால்தான் காலண்டர் கொடுப்பார்கள். நாம் வேகமாக ஆடுவதில் அவர்களுக்கு நஷ்டம் இருந்தால், வேகத்துக்கு யாராவது பரிசு கொடுப்பார்களா?

இதைச் சிங்கப்பூர்க் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2025 வரை நம்ம ஒவ்வொருவர் போனிலும் இதே கடை திறந்திருந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆன்லைன் ரம்மிக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். தமிழ்நாடு கொண்டுவந்த முதல் தடையை 2021இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மறுபடியும் சட்டம் கொண்டுவந்து, 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே, அவற்றைத் தடை செய்ய முடியாது, நேரம் வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி போட்டார்கள். கடைசியாக 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதே கூடாது என்று சொல்லிவிட்டது.

இவ்வளவு வருடமும் நீதிமன்றத்தில் திறமையா அதிர்ஷ்டமா என்றே வாதம் நடந்தது. என் கருத்து, அந்தக் கேள்வியே ஆடுகிறவனுக்கு உபயோகமில்லாதது. வீடியோ போக்கரில் திறமை இருக்கிறது, மேலே கணக்கோடு காட்டினேன். திறமை இருப்பதால் லாபம் இருக்கிறது என்று ஆகாது. சம திறமையுள்ள இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ரம்மி ஆடுகிறார்கள், மேஜை நடத்துகிறவன் 10% எடுத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு ஆளுக்குச் சராசரி 10 ரூபாய் போகிறது. திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்க 20 ஆட்டம் ஆடினால் அந்தக் காசு நமக்குள்ளேயே சுற்றும். போனில் முறைக்கு இத்தனை விநாடி என்று விரட்டி ஆடவைத்தால் அதே 20 ஆட்டம் சாயங்காலத்துக்குள் முடியும், ஒவ்வொன்றிலும் கமிஷன் போகும். திறமையைப் பற்றிப் பேசவைத்துவிட்டு வேகத்தில் சம்பாதிப்பதுதான் அந்த வியாபாரம்.

தடை வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். 2003இல் லாட்டரியைத் தமிழ்நாட்டில் நிறுத்தியபோது பஸ் ஸ்டாண்டில் சுரண்டிக்கொண்டு நின்ற கூட்டம் கலைந்தது என்று அப்பா இன்றும் சொல்வார். ஆனால் தடை ஒரு வாசலைத்தான் மூடும். சித்தப்பா போன வாசல் கடல் தாண்டி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நிகழ்தகவு படிக்கிறோம், பையில் இருந்து சிவப்புப் பந்து எடுக்கிறோம். இந்த நாலு வரிக் கணக்கை ஒரு வாத்தியார் கரும்பலகையில் போட்டிருந்தால் எத்தனை வீடு தப்பித்திருக்கும்?

பொழுதுபோக்குக்கு ஆடுகிறேன், சினிமாவுக்குச் செலவழிப்பதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சரி. அப்படியென்றால் அது டிக்கெட் விலை. ஒரே படத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி இரண்டு டிக்கெட் வாங்குவானேன்? பொழுதுபோக்காக ஆடுகிறவனுக்கும் மெதுவாக ஆடுவதுதான் லாபம்.

சித்தப்பா ஞாயிறுக்கு 4 மணி நேரம் ஆடுவாராம். அவர் இருக்கிற வேகத்தில், தப்பே விடாவிட்டாலும், 50 ஞாயிறுக்கு 2700 வெள்ளி. வேகமாக ஆடப் பழகினால் 5400. பக்கத்தில் சின்னத் தங்கச்சி கோலப்பொடி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வருகிற ஜூனில் காலேஜ் சேர வேண்டும். அவர் அவளையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். சித்தப்பா ஊரில் இருந்த காலத்தில் கோடையில் ஆற்றில் தண்ணி இல்லாத நாளெல்லாம் புளியமரத்தடியில் ரம்மி நடக்கும். அதில் அவரை ஜெயிப்பது கஷ்டம் என்பார்கள். காரணம் வேகம் இல்லை. கை சரியில்லை என்றால் யோசிக்காமல் ஸ்கூட் விட்டுவிடுவார். 101 ஆட்டத்தில் ஸ்கூட் விட்டால் 20, இழுத்துப் பிடித்து மாட்டினால் 80.

அதை ஞாபகப்படுத்தி, "அந்த மெஷின்ல ஸ்கூட் இருக்கா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"இல்லடா."

திரும்பிப் போய் இரண்டு வாரம் கழித்துப் போன் பண்ணினார். அங்கே தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்து உள்ளே விடாதே என்று சொல்ல ஒரு ஏற்பாடு இருக்கிறதாம், வெளிநாட்டுக்காரரும் கொடுக்கலாமாம், விண்ணப்பத்தைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். படித்துச் சொன்னேன். கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

"ஸ்கூட் விட்டுட்டேன்டா தம்பி. மிடில் ஸ்கூட்தான். பரவால்ல, ஃபுல் அடிக்கல."